சலானும் கடவுச்சொல்லும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் அனுமதியின் வரலாறு

திருப்பூர் நகரின் ராயபுரம் போன்ற பகுதிகளில் பனியன் கம்பெனி என்று சொல்லப்படுவது, பல வேளைகளில், பஞ்சு முதல் பெட்டி வரை ஒரே கூரையின்கீழ் முடித்துவிடும் ஆலையன்று. நூலை ஓரிடத்தில் வாங்கி, வேறோரிடத்தில் துணியாகப் பின்னக் கொடுத்து, சாயப்பட்டறைக்கு அனுப்பி, காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று பல கைகள் மாற்றி, கட்டிங்குக்கும் தையலுக்கும் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு நீண்ட பயணத்தை இருந்த இடத்திலிருந்து நடத்தும் அலுவலகமே அங்கே கம்பெனி எனப்படுகிறது. இந்த ஏற்பாட்டில் முதலாளியின் சரக்கில் பெரும்பகுதி எந்நேரமும் பிறர் கூடங்களில், ஜாப் ஒர்க் என்ற கூலி வேலைக்காகக் கிடப்பதால், இரண்டு கேள்விகளுக்கு நாள்தோறும் விடை வேண்டியிருந்தது: வந்து நிற்பவர் யார் என்பது ஒன்று, அவர் எதை எடுக்கலாம், எதை எழுதலாம், எதைப் பார்க்கலாம் என்பது மற்றொன்று. கணினித் துறை முதற்கேள்விக்கான ஏற்பாட்டை அடையாள உறுதிப்பாடு என்றும், இரண்டாவதற்கானதை அணுகல் உரிமை என்றும் வகைப்படுத்துகிறது. காகிதத்தில் கணக்கு வைத்த காலத்தில் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தே வைத்திருந்த தொழில், கணினி நுழைந்தபின் இரண்டையும் ஒரே கடவுச்சொல்லுக்குள் அடக்கியது. அவற்றை மீண்டும் பிரிக்கும் வேலை இன்றும் முடியவில்லை.

பின்னலாடைக்கு முன்பே திருப்பூர் பருத்திச் சந்தையாக, குறிப்பாகக் கம்போடியா பருத்தியின் சந்தையாக, பெயர் பெற்றிருந்தது. 1925-ஆம் ஆண்டின் பருத்தி அரைவை மற்றும் அழுத்தத் தொழிற்சாலைகள் சட்டம், அழுத்தப்படும் ஒவ்வொரு பேலின் மீதும் அதை அழுத்திய தொழிற்சாலையின் குறியும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும் என்று விதித்தது. பேலில் கலப்படம் வெளிப்பட்டால், எந்த அழுத்தகத்திலிருந்து அது வந்தது என்று திரும்பிச் சென்று கேட்கும் வழியை அது ஏற்படுத்தியது. அந்தக் குறி பேல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே சொன்னது, அதை யார் விற்கலாம், யார் வாங்கலாம் என்பதைச் சொல்லவில்லை. திருப்பூரின் முதல் பனியன் கூடம் தொடங்கப்பட்டதும் அதே 1925-ஆம் ஆண்டில் என்பதே ஊரில் வழங்கும் வரலாறு.

கூடங்கள் பெருகி வேலை பிரிந்தபோது இத்தொழிலின் அனுமதிக் கருவியாக நிலைபெற்றது டெலிவரி சலான், பேச்சுவழக்கில் டி.சி. பின்னல் கூடத்திலிருந்து சாயப்பட்டறைக்குப் போகும் கிரே துணியின் (சாயமேற்றாத துணியின்) சலானில் பார்ட்டியின் பெயர், லாட் எண், டயா (துணியின் அகலம்), ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), ரோல் எண்ணிக்கை, கிலோ ஆகியன ஒரு வரிசையில் எழுதப்படும். கார்பன் தாள் வைத்து எழுதிய நகல்களில் ஒன்று அனுப்புபவரின் புத்தகத்திலேயே தங்கிவிடும், மற்றவை வண்டியோடு போகும். சலானை எழுதுபவர் சூப்பர்வைசர். ரோல்களை எண்ணிக் கேட் பாஸைச் சரிபார்த்து வெளியே விடுபவர் வாட்ச்மேன். தன் தராசில் மீண்டும் எடைபோட்டுக் கையெழுத்திடுபவர் பட்டறைக்காரர். அனுப்பிய சலானையும் திரும்பிய சலானையும் ஒப்பிட்டு, சாயமேற்றுவதில் ஏற்படும் எடை இழப்பைக் கழித்துக் கூலி கணக்கிடுபவர் கணக்குப்பிள்ளை. எழுதியவரே எடைபோடுவதில்லை, எடைபோட்டவரே கூலியைத் தீர்மானிப்பதில்லை. எண் தவறிவிட்டால் அதைச் சுரண்டி அழிக்காமல், ஒரு கோடிட்டு அடித்து, சரியான எண்ணை மேலே எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும் என்பது கணக்கெழுதும் ஒழுங்கு. இன்றைய ஜி.எஸ்.டி. விதிகளில் 55-ஆம் விதி, சரக்கைப் பெறுபவருக்கு மூலப்படி, வண்டிக்கு இரண்டாம் படி, அனுப்புபவருக்கு மூன்றாம் படி என்று சலானுக்கு மூன்று படிகளைக் கட்டாயமாக்குகிறது. ஊர் நெடுங்காலமாகக் கைக்கொண்ட ஒரு நடைமுறை அவ்வாறு சட்ட வாசகமாயிற்று என்று கொள்வதில் தவறில்லை.

1978 வாக்கில் இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் மும்பை வணிகர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததையும், 1981-இல் ஐரோப்பியக் கடைத்தொடரான சி அண்ட் ஏ வாங்கத் தொடங்கியதையும் ஏற்றுமதியின் தொடக்கமாகத் திருப்பூர் நினைவுகூர்கிறது. கண்ணால் காணாத வெளிநாட்டுப் பையரோடு (வாங்குபவரோடு) வணிகம் தொடங்கியபோது, முகத்தையும் கையெழுத்தையும் பார்த்து ஆளை அறியும் பழைய முறை போதாமற்போனது. அக்காலத்தின் கருவியான டெலெக்ஸ் இதற்கு ஒரு விடையைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது: செய்தி அனுப்புமுன் "நீ யார்" என்று பொருள்படும் ஒரு விசையை அழுத்தினால், மறுமுனையிலுள்ள எந்திரம், ஆள் எவரும் அருகில் இல்லாவிட்டாலும், தனக்கென ஒதுக்கப்பட்ட அடையாளக் குறியைத் தானே திருப்பி அனுப்பும். ஆனால் அது எந்திரத்தின் அடையாளமேயன்றி அதன்முன் அமர்ந்திருப்பவரின் அடையாளமன்று. பணம் சம்பந்தப்பட்ட செய்திக்கு அது போதாது. ஆகவே லெட்டர் ஆஃப் கிரெடிட் என்ற கடனுறுதிக் கடிதத்தை டெலெக்ஸில் அனுப்பிய வங்கிகள், தொகை, நாணயம், தேதி, வரிசை எண் ஆகியவற்றிலிருந்து இருதரப்புக்கும் மட்டுமே தெரிந்த அட்டவணைப்படி ஒரு எண்ணைக் கணக்கிட்டுச் செய்தியோடு சேர்த்தன. டெஸ்ட் கீ எனப்பட்ட அந்த எண் பொருந்தினால்தான் செய்தி நம்பப்பட்டது. வழியில் எவரேனும் தொகையை மாற்றினால் எண் பொருந்தாது. அனுப்பியவர் யார் என்பதையும் அனுப்பியது மாறவில்லை என்பதையும் ஒரே எண்ணில் உறுதிசெய்த இந்த ஏற்பாடு, 1991-இல் இந்திய வங்கிகள் ஸ்விஃப்ட் என்னும் வங்கிச் செய்தி வலையமைப்பில் இணைந்தபின் படிப்படியாக வழக்கொழிந்தது. திருப்பூர் ஏற்றுமதியின் முதற்பத்தாண்டு இந்த எண்களின் மீது நின்றது என்பதை இன்று நினைப்பவர் குறைவு.

கடவுச்சொல்லின் கதை வேறோரிடத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-இல் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு செய்துகாட்டிய காலப்பகிர்வு முறையில் ஒரே கணினியைப் பலர் பல முனையங்களிலிருந்து பயன்படுத்தினர். ஒருவருடைய கோப்பும் அவருக்கு ஒதுக்கிய நேரமும் மற்றவர் கைக்குப் போகாமல் இருக்க, ஆளுக்கொரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. 1960-களில், நுழைவோருக்குக் காட்டும் அன்றைய அறிவிப்பு, கடவுச்சொற் பட்டியல் என்ற இரு கோப்புகளை ஒரே நேரத்தில் இருவர் திருத்தியபோது தற்காலிகக் கோப்பின் பெயர் ஒன்றாக இருந்த காரணத்தால் அவை இடம் மாறின. அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொற் பட்டியல் முழுவதும் உள்ளே நுழைந்த ஒவ்வொருவரின் முனையத்திலும் அச்சாயிற்று. கடவுச்சொல்லை எழுதியபடியே சேமித்து வைத்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியோர் அதைச் சேமிக்கும் முறையையே மாற்றினர். கடவுச்சொல்லுக்கு மாறாக, அதிலிருந்து கணக்கிடப்பட்டதும், அதைக் கொண்டு மூலச்சொல்லுக்குத் திரும்ப இயலாததுமான ஒரு குறியீட்டுத் தொடர் சேமிக்கப்பட்டது. இதற்கு ஹாஷ் என்று பெயர். ஒரே சொல்லைத் தேர்ந்த இருவரின் தொடரும் ஒன்றாக இருந்துவிடாதபடி, ஒவ்வொருவருக்கும் தற்செயலான ஒரு எண்ணைச் சேர்த்துக் கணக்கிட்டனர், இதுவே சால்ட். ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில், திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு மிகச் சிறியவையாகவோ, அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ காணக்கூடியவையாகவோ இருந்ததைக் காட்டினர். கம்பெனிப் பெயரோடு ஆண்டைச் சேர்த்து வைக்கும் கடவுச்சொல்லும் அவற்றைப் போலவே எளிதில் ஊகிக்கத்தக்கது.

அணுகல் உரிமையின் கோட்பாடு அதே காலத்தில் தனியே வளர்ந்தது. ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்கு இன்றியமையாத உரிமை மட்டுமே தரப்பட வேண்டும் என்ற கொள்கையை ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் வகுத்துரைத்தனர். தரவை அட்டவணைகளாக அமைக்கும் முறையை எட்கர் காட் 1970-இல் முன்மொழிந்திருந்தார். அதைச் செயலாக்க ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகம் எழுதிய சிஸ்டம் ஆர் என்னும் தரவுத்தளத்துக்கு, பட்ரீசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்டு வேடும் 1976-இல் ஓர் அனுமதி முறையை வடிவமைத்தனர். அட்டவணையை உருவாக்கியவர் அதைப் படிக்க, வரி சேர்க்க, திருத்த, அழிக்க என்று வெவ்வேறு உரிமைகளைத் தனித்தனியே பிறருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும் கட்டளை கிராண்ட், திரும்பப் பெறும் கட்டளை ரிவோக். பெற்றவர் மேலும் ஒருவருக்குக் கொடுத்திருந்தால், முதலில் பெற்றவரின் உரிமை பறிக்கப்படும்போது அவர் வழியாகச் சென்ற உரிமையும் சேர்ந்து விழும் என்பது அம்முறையின் நுட்பமான பகுதி. சலானை எழுதலாம், எழுதியதைத் திருத்தக் கூடாது என்ற திருப்பூர் ஒழுங்கை, வரி சேர்க்கும் உரிமையைக் கொடுத்துத் திருத்தும் உரிமையை மறுப்பதன் வழியாக அப்படியே கணினிக்குள் கொண்டுவந்திருக்கலாம்.

நடந்தது அதுவன்று. இந்தியாவின் சிறு அலுவலகங்களுக்கு வந்து சேர்ந்த கணினி, ஐ.பி.எம். ஆய்வகத்தின் தரவுத்தளத்தோடு வரவில்லை. டாஸ் இயங்குதளமும் டிபேஸ், ஃபாக்ஸ்புரோ ஆகியவற்றில் எழுதிய நிரல்களுமாக வந்தது. அவற்றில் அட்டவணை என்பது வட்டில் கிடக்கும் ஒரு கோப்பு. கோப்பைத் திறக்க முடிந்தவர் எவரும் அதில் எதையும் மாற்றலாம், மாற்றியதற்குத் தடமும் இராது. நிரலின் வாயிலில் கடவுச்சொல் கேட்டாலும், பின்வாயில் திறந்தே கிடந்தது. எனவே ஒரு கணினி, அதில் ஒரு கடவுச்சொல், அதை அறிந்த இரண்டு மூன்று பேர் என்ற நிலை வழக்கமாயிற்று. சூப்பர்வைசரும் வாட்ச்மேனும் பட்டறைக்காரரும் கணக்குப்பிள்ளையும் பகிர்ந்து வைத்திருந்த நான்கு பொறுப்புகள், தட்டச்சு செய்பவர் ஒருவரின் விரல்நுனியில் வந்து குவிந்தன. கணினி வேகத்தைத் தந்தது உண்மை. ஆனால் கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை அது ஒரு பின்னடைவு என்றே மதிப்பிட வேண்டும். 1986-இல் தோன்றி நாடெங்கும் பரவிய டேலி கணக்கு மென்பொருள், பிற்காலப் பதிப்புகளில் உரிமையாளர், பதிவாளர் என்று இரு நிலைகளைப் பிரித்து வைத்திருந்தபோதும், அனைவரும் உரிமையாளராகவே நுழைவதை எந்த மென்பொருளாலும் தடுக்க இயலாது.

இணையம் இதில் புதியதொரு சிக்கலைச் சேர்த்தது. 1995 ஆகஸ்டு 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது, உலகளவில் பி.எச்.பி. மொழியும் மை எஸ்.க்யூ.எல். தரவுத்தளமும் வெளிவந்ததும் அதே ஆண்டிலேயே. இவ்விரண்டும் இலவசமாகக் கிடைத்ததால், பின்னாளில் சிறு நிறுவனங்களுக்கென எழுதப்பட்ட வலைச் செயலிகள் பலவற்றுக்கு அவையே அடித்தளமாயின. ஆர்டர் நிலையைப் பையருக்குக் காட்டுவது, ஜாப் ஒர்க் கூடங்களின் இருப்பைப் பார்ப்பது, தையலாளரின் பீஸ் ரேட் கணக்கைப் போடுவது என எல்லாம் உலாவிக்குள் வந்தன. வலைப்பக்கம் ஒவ்வொரு கோரிக்கையையும் முன்பின் தொடர்பின்றிக் கையாளும் தன்மையுடையது. நுழைந்தவர் இன்னார் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ள, 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி வகுத்த குக்கீ என்னும் சிறு அடையாளத்துண்டு பயன்பட்டது. அத்துண்டைக் கைப்பற்றியவர் கடவுச்சொல் தெரியாமலேயே அந்த ஆளாக நடமாடலாம் என்பதால், பொதுக் கணினியில் லாக் அவுட் செய்யாமல் எழுந்து போவது பூட்டைத் திறந்தபடி விட்டுப் போவதற்கு ஒப்பாகும்.

வலைச் செயலியின் அமைப்பில் பலரும் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. செயலியில் ஐம்பது பேர் கணக்கு வைத்திருந்தாலும், அவர்கள் அனைவரும் செயலியின் சொந்த அட்டவணை ஒன்றில் எழுதப்பட்ட பெயர்களே. தரவுத்தளம் அவர்களை அறியாது. செயலி தனக்கென வைத்திருக்கும் ஒரே பெயரில்தான் தரவுத்தளத்தோடு பேசுகிறது, யார் எதைப் பார்க்கலாம் என்ற முடிவு முழுவதும் நிரலெழுதியவரின் கவனத்தைச் சார்ந்துவிடுகிறது. அந்த ஒற்றைப் பெயருக்கு ரூட் எனப்படும் தலைமைக் கணக்கையே கொடுத்துவிடுவது வேலையை எளிதாக்கியதால், அது ஒரு பழக்கமாகவே ஆகிப்போனது. மை எஸ்.க்யூ.எல். பழைய பதிப்புகளை நிறுவும்போது ரூட் கணக்கு கடவுச்சொல்லே இல்லாமல் உருவாகும். 2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் அதற்குத் தற்செயலான ஒரு கடவுச்சொல்லைத் தானே இடுவது இயல்புநிலையாயிற்று. எல்லாம் செயலியின் கவனத்தையே நம்பியிருப்பதால் விளையும் ஆபத்தை 1998-இல் ஃபிராக் என்னும் மின்னிதழில் வெளியான கட்டுரை ஒன்று எடுத்துக்காட்டியது: பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் தரவுத்தளக் கட்டளையின் துண்டு ஒன்றை எழுதினால், கவனமின்றி எழுதப்பட்ட செயலி அதையும் சேர்த்து நிறைவேற்றிவிடும். எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்று பின்னர் பெயர் பெற்ற இத்தாக்குதலுக்கு முதல் மருந்து, கட்டளையையும் பயனர் தரும் மதிப்பையும் தனித்தனியே அனுப்புவது. அது தவறும் இடத்தில், சேதத்துக்கு எல்லை கட்டுவது தரவுத்தள உரிமைதான்.

சாயப்பட்டறைக்கு அனுப்பும் துணியின் பதிவை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அனுப்பியது, திரும்பியது, கூலி என்று மூன்று அட்டவணைகள் இருப்பதாகக் கொள்வோம். சலான் பதியும் பக்கத்துக்கு ஒரு தரவுத்தளப் பெயரை உருவாக்கி, முதல் அட்டவணையில் படிக்கவும் வரி சேர்க்கவும் மட்டும் உரிமை தரலாம். எடை தவறாகப் பதிவானால், பழைய வரியைத் தொடாமல், அதை ரத்துசெய்யும் புதிய வரி ஒன்று சேர வேண்டும். கூலி கணக்கிடும் பக்கத்தின் பெயர் முதலிரண்டு அட்டவணைகளைப் படிக்கலாம், எழுத முடியாது. மை எஸ்.க்யூ.எல். பயனரைப் பெயரால் மட்டுமன்றி எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்பதாலும் அடையாளம் காண்பதால், அந்தப் பெயர்களை அலுவலக செர்வரிலிருந்து மட்டுமே செல்லுபடியாகும்படி கட்டவும் முடியும். இத்தகைய செயலியில் ஒரு பக்கம் உடைந்தாலும், நுழைந்தவரால் பழைய எடைகளை மாற்றிக் கூலியை உயர்த்த இயலாது. கார்பன் நகல் ஆற்றிய பணியை இங்கே கிராண்ட் கட்டளை ஆற்றுகிறது.

பையரின் விலை இதைவிடக் கடினமான சிக்கல். ஒரே கம்பெனியில் இரண்டு பையர்களின் ஆர்டர்களை இரண்டு மெர்ச்சண்டைசர்கள் பார்க்கும்போது, ஒருவருடைய ஸ்டைலின் விலை மற்றவர் கண்ணில் படக் கூடாது. ஆனால் எல்லா ஆர்டர்களும் ஒரே அட்டவணையில்தான் வரிகளாகக் கிடக்கின்றன. அட்டவணைக்குத் தரும் உரிமை இங்கே உதவாது, வரிக்கு வரி உரிமை வேண்டும். ஆரக்கிள் தரவுத்தளம் இதை 1999-இல் வந்த 8ஐ பதிப்பிலும், இலவசமான போஸ்ட்கிரெஸ் 2016-இல் வந்த 9.5 பதிப்பிலும் தந்தன. அதற்கு முன் இக்காவல் பெரும்பாலும் நிரலெழுதியவரின் கவனத்தையே நம்பியிருந்தது.

அரசின் பங்கு இவ்வரலாற்றில் சிறிதன்று. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு அளித்தது. பென் டிரைவ் போன்ற டோக்கனில் வந்த அக்கையொப்பம், உரிமையாளரின் பையில் இருக்க வேண்டியதாயினும், கடவு எண்ணோடு சேர்ந்து ஆடிட்டர் அலுவலகத்தின் மேசையிலேயே தங்கிவிடுவது சிறு நிறுவனங்களில் பரவலான வழக்கம். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி., 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையிலான சரக்குக்கு இ-வே பில் என்று வலைத்தளங்கள் கட்டாயமானபோது, ராயபுரத்தின் மிகச் சிறிய ஜாப் ஒர்க் கூடமும் யூசர் ஐடி, லாகின் என்ற சொற்களைத் தன் அன்றாடப் பேச்சில் சேர்த்துக்கொண்டது. இ-வே பில் தளம் முதன்மைப் பயனரின்கீழ் துணைப் பயனர்களை உருவாக்கி, பில் எழுதுவது, நிராகரிப்பது, அறிக்கை பார்ப்பது ஆகியவற்றைத் தனித்தனியே ஒப்படைக்க இடம் தருகிறது. பலர் இதைப் பயன்படுத்தாமல் ஒரே கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டி வைப்பதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. லாரி வாயிலில் நிற்கும்போது பில் எடுக்க ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது என்ற அவசரமே பெருங்காரணம். கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் கேட்கும் இரண்டடுக்கு உறுதிப்பாடு, பெரிய நிறுவனங்களில் தொடங்கி 2025 ஏப்ரல் 1 முதல் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்டபின், அந்தச் சுவரொட்டி மட்டும் போதாது என்ற நிலை வந்திருக்கிறது.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கம்பெனிக் கணக்கு விதி, பதிவுசெய்யப்பட்ட கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அப்பதிவை நிறுத்தி வைக்கவும் முடியாதிருக்க வேண்டும் என்று விதித்தது. அடித்தெழுதிச் சுருக்கொப்பமிடும் பழைய கணக்குப்பிள்ளையின் ஒழுங்கே இவ்விதியின் உள்ளடக்கம். நெடுங்காலம் சிறு அலுவலகக் கணினிகளில் அது காணாமற்போயிருந்தது. ஆனால் எல்லாரும் ஒரே பெயரில் நுழையும் இடத்தில் திருத்தப் பதிவு எத்தனை துல்லியமாக இருந்தாலும், திருத்தியவர் யார் என்பதை அதனால் சொல்ல இயலாது. ஆளுக்கொரு கணக்கு வேண்டும் என்ற கோரிக்கையின் வலிமை இதில்தான் இருக்கிறது. அத்தகைய கணக்கு, தவறு செய்தவரைப் பிடிப்பதற்கு எவ்வளவு பயன்படுகிறதோ, தவறு செய்யாதவரைச் சந்தேகத்திலிருந்து காப்பதற்கும் அவ்வளவு பயன்படுகிறது.

மெர்ச்சண்டைசர்களும் கணக்காளர்களும் கம்பெனி மாறிக்கொண்டே இருக்கும் திருப்பூரில், உரிமையைக் கொடுப்பதைவிடத் திரும்பப் பெறுவதே அதிகம் பிழைபடுகிறது. வேலையை விட்டவரின் பெயரில் அஞ்சல் கணக்கும் செயலிக் கணக்கும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்போது, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று பையருக்கு ஏற்றுமதியாளர் பெயரிலேயே போலி அஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடிக்கும் வழி அகலமாகிறது. டெஸ்ட் கீ மறைந்த இடத்தில், வங்கிக் கணக்கு மாற்றத்தை ஏற்குமுன் பழைய எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது ஒன்றே இன்றும் நம்பத்தக்க சோதனை.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்து தைக்கும் தொழிலாளரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கூலி, வருகைப் பதிவு ஆகியனவும் இதே தரவுத்தளங்களில்தான் இருக்கின்றன. துணியின் எடைக்குக் கிடைத்த காவல் அவற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தனிநபர் தரவைக் கையாளும் நிறுவனம் அணுகலைக் கட்டுப்படுத்த வேண்டும், யார் எப்போது பார்த்தார் என்ற பதிவை ஓராண்டுக் காலமாவது வைத்திருக்க வேண்டும் என்பன அவ்விதிகளில் அடங்கும். அவற்றை நிறைவேற்ற நிறுவனங்களுக்குத் தரப்பட்டுள்ள அவகாசம் 18 மாதங்கள்.